மூன்றாம் வரிசைக்கும் தெரிய வேண்டும்: வீட்டிலேயே இசைத்தாள் அமைத்து அச்சிடுவது எப்படி

திருநாளுக்கு முதல்நாள் ஒத்திகை. பாடகர் குழுவில் அல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடும் அக்கா ஒருவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தூரப் பிடித்தார். கடைசியில் அதை மடித்து மடியில் வைத்துவிட்டு நினைவில் இருந்ததைப் பாடினார். அந்தத் தாளை அமைத்தவன் நான். மூன்று இரவு இருந்து ஒவ்வொரு சுரமும் சரிபார்த்த தாள். கடதாசியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கங்களைச் சேர்த்து 30 பிரதி எடுத்திருந்தேன். அப்படிச் சேர்க்கும்போது எல்லாமே ஏறத்தாழ 71 வீதத்துக்குச் சுருங்கும். 7 மில்லிமீற்றர் உயரமாக இருந்த ஸ்டேவ், அதாவது சுரங்கள் நிற்கும் ஐந்து கோடுகளின் தொகுதி, 5 மில்லிமீற்றராகிவிட்டது. எங்கள் கோயில் மண்டபத்து ரியூப் லைற் வெளிச்சத்தில் அது பாடுகிற தாளே அல்ல.

வன்னியில் மேலைத்தேய இசை நோட்ஸ் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுக்கள், பாடசாலை பாண்ட் குழுக்கள், மேலைத்தேய சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளைகள், அவர்களுக்குக் கீபோர்ட் பழக்கும் ஆசிரியர்கள். பெரும்பாலும் கையால் எழுதிய கொப்பியின் போட்டோக்கொப்பி, அதன் போட்டோக்கொப்பி என்று கைமாறிக் கைமாறிப் புள்ளியெல்லாம் கரைந்த தாள்தான் அவர்களிடம் வந்து சேரும். லப்டொப்பும் சின்ன பிரிண்டரும் உள்ள ஒருவர் மல்லாவியிலோ மாங்குளத்திலோ இருந்துகொண்டே இதைச் சீராக்கலாம். இதுவரை ஒரு பார், அதாவது ஒரு தாளக் கட்டம்கூடக் கொம்பியூட்டரில் எழுதாதவருக்காகவே இதை எழுதுகிறேன். நோட்ஸ் ஓரளவு வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

எந்த மென்பொருள்

மியூஸ்கோரில் தொடங்குங்கள். காசு இல்லை, திறந்த மூலம். வேர்னர் ஷ்வேர் 2002இல் தொடங்கிய வேலை அது, இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதற்கு விண்டோஸ் 10உம் 64 பிட் கொம்பியூட்டரும் வேண்டும். வீட்டில் இருப்பது பழைய லப்டொப் என்றால் 3.6 பதிப்பைப் போடுங்கள். பாடகர் குழுவுக்குத் தாள் அடிக்க அது தாராளம்.

இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் தளம் வேறு, மற்றவர்கள் ஏற்றிய பாடல் தாள்களைச் சந்தா வாங்கிக் கொடுக்கும் தளம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கார்டு இலக்கம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்பவர்கள் உண்டு. மென்பொருளை இறக்க ஒருபோதும் கார்டு இலக்கம் கேட்காது. அதோடு, நல்ல வாத்திய ஒலிகள் என்று தனியாக ஒரு பொதி வரும். அது டேட்டாவை விழுங்கும். அச்சிடுவதற்கு அந்த ஒலிகள் எதுவுமே தேவையில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லிலிபொண்ட் என்றும் ஒன்று உண்டு. 1996இல் நெதர்லாந்துக்காரர் இருவர் தொடங்கியது. முன்பு நோட்ஸ் அச்சிடுவதற்கு வெள்ளீயக் கலவைத் தகட்டில் அச்சுளியைச் சுத்தியலால் தட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அந்தக் கைவேலையின் அழகைக் கொம்பியூட்டரில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது லிலிபொண்ட். ஆனால் அதில் சுரத்தைப் படமாக வைக்க முடியாது, எழுத்தாகத்தான் எழுத வேண்டும். முதல் தாளுக்கு அது வேண்டாம். கர்நாடக சங்கீத ஸ்வரங்களை மட்டும் எழுதப் போகிறீர்கள் என்றால் இவை இரண்டுமே தேவையில்லை. வேர்டில் தாளக் கட்டத்துக்கு ஏற்ப ஓர் அட்டவணை போட்டாலே அழகாக வரும்.

சுரத்துக்கு முன்னம் தாள்

நான் பிந்திக் கற்றுக்கொண்டது இது. ஒரு சுரம் வைப்பதற்கு முன்னமே இந்தத் தாளை யார், எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார் என்று கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

மியூஸ்கோரில் ஃபோர்மட் மெனுவுக்குள் பேஜ் செட்டிங்ஸ் இருக்கிறது. தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க லெட்டர் அளவாக இருந்தால் அச்சிடும்போது எல்லாம் இடம் மாறும். அதே பெட்டியில் ஸ்டேவ் கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி இருக்கும். வழக்கமாக அது 1.75 மில்லிமீற்றர். ஐந்து கோட்டுக்கு நடுவில் நாலு இடைவெளி, ஆகவே ஸ்டேவின் உயரம் 7 மில்லிமீற்றர். கையில் பிடித்துப் பாடும் பெரியவர்களுக்கு இது போதும். சிறுவர்களுக்கும், ஸ்டாண்டில் வைத்து இருவர் சேர்ந்து பார்ப்பவர்களுக்கும் 2 மில்லிமீற்றர் ஆக்குங்கள். 1.5க்குக் கீழே போகவே வேண்டாம். பக்கத்தின் நாலு ஓரத்திலும் 12 முதல் 15 மில்லிமீற்றர் விடுங்கள். வீட்டு பிரிண்டர்கள் பல, தாளின் விளிம்பில் சில மில்லிமீற்றர் தூரத்துக்கு அச்சிடாது. அதோடு தாளைப் பிடிக்கிற பெருவிரலுக்கும் இடம் வேண்டும்.

சுரம் வைத்தல்

புதிய ஸ்கோர் திறந்தால் வார்ப்புருக்கள் வரும். நாலு குரல் பாட்டுக்குப் பாடகர் குழுப் பகுதியில் நாலு ஸ்டேவாகவும் கிடைக்கும், இரண்டு ஸ்டேவாக மூடியதாகவும் கிடைக்கும். நாலும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் பாடுகிற பாட்டு என்றால் மூடியதை எடுங்கள். மேலே பெண்குரல்களான சொப்ரானோவும் அல்டோவும், கீழே ஆண்குரல்களான டெனரும் பேஸும். பக்கங்கள் பாதியாகும். குரல்கள் தனித்தனியாக ஓடுகிற பாட்டுக்கு நாலு ஸ்டேவ்தான் சரி. அடுத்த பக்கத்தில் கீ சிக்னேச்சர், டைம் சிக்னேச்சர் கேட்கும். பாட்டு பாதி பாரில் எடுப்பதாக இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பிறகு திருத்துவது வீண் மினைக்கேடு.

இனி விசைப்பலகைதான், மவுஸை மறந்துவிடுங்கள். முதல் பாரைச் சொடுக்கி ஆங்கில N விசையை அழுத்தினால் சுரம் எழுதும் நிலைக்கு வருவீர்கள். இலக்கங்கள் நீளத்தைச் சொல்லும்: 5 குரொச்செட், 4 குவேவர், 6 மினிம், 7 செமிபிறீவ். புள்ளி விசை புள்ளி வைக்கும், 0 ஓய்வு. பிறகு சுரத்தின் ஆங்கில எழுத்தை அழுத்த வேண்டியதுதான். 5 அழுத்தி, சி, டி, இ, எஃப் என்று தட்டினால், நாலுக்கு நாலு தாளத்தில் ஒரு பார் முடிந்தது. சுரம் வேறு ஒக்டேவில் விழுந்தால் கொன்ட்ரோலோடு மேல் அல்லது கீழ் அம்புக்குறி. அம்புக்குறி மட்டும் அழுத்தினால் அரைச் சுரம் நகரும்.

மூடிய ஸ்கோரில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. சொப்ரானோவையும் அல்டோவையும் ஒரே ஸ்டேவில் எழுத இரண்டு "வொய்ஸ்" வேண்டும். கொன்ட்ரோல், ஓல்ட், 1 முதல் குரல், தண்டு மேலே. கொன்ட்ரோல், ஓல்ட், 2 இரண்டாம் குரல், தண்டு கீழே. முதலில் சொப்ரானோவைப் பாட்டு முடியும்வரை எழுதிவிட்டு, திரும்பத் தொடக்கத்துக்கு வந்து அல்டோவை எழுதுங்கள். இரண்டையும் மாறிமாறி எழுதப் போனால் தாளம் குழம்பும்.

ஒரு பக்கம் முடிந்ததும் போட்டுக் கேளுங்கள். கண் விட்ட பிழையைக் காது பிடிக்கும். இன்னொன்று, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறோம். தானாகச் சேமிக்கும் இடைவேளையை விருப்பத் தெரிவுகளில் 1 நிமிடமாக மாற்றுங்கள். மேசைக் கொம்பியூட்டரில் வேலை செய்கிறவருக்கு இது கட்டாயம்.

தமிழ்ச் சொற்களைச் சுரத்தின் கீழ் வைத்தல்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பாட்டுத்தாள் என்றாலே பாமினி எழுத்துரு. அதை இங்கே விடுங்கள், யூனிகோட்டில் எழுதுங்கள். பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும், அடுத்தவர் திருத்தவும் முடியாது. மியூஸ்கோர் வழக்கமாகப் போடும் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஸ்டைல் பெட்டியில் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் பகுதிக்குப் போய், பாடல் வரிக்குரிய இரண்டு பாணிகளுக்கும், அதாவது ஒற்றை எண் வரிக்கும் இரட்டை எண் வரிக்கும், நிர்மலா அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள். அளவு 11 அல்லது 12. ஆங்கிலத்துக்குப் போதுமான 10இல் தமிழின் சுழியும் கொம்பும் ஒட்டிப்போகும். தலைப்புக்கும் இயற்றியவர் பெயருக்கும் அப்படியே மாற்றுங்கள்.

முதல் சுரத்தைத் தெரிவு செய்து கொன்ட்ரோல், எல் அழுத்துங்கள். அசையை எழுதி, சொல் தொடர்ந்தால் இணைப்புக்கோடு, சொல் முடிந்தால் இடைவெளி விசை. ஓர் அசை பல சுரத்துக்கு நீண்டால் அடிக்கோடு. இரண்டாம் சரணத்துக்கு என்டர்.

அசை பிரிப்பதுதான் கவனிக்க வேண்டியது. புள்ளி எழுத்து எப்போதும் தனக்கு முன்னுள்ள எழுத்தோடே நிற்க வேண்டும். "கர்த்தர்" என்பது கர்த்-தர். க-ர்த்-தர் என்று பிரித்தால் பாடுகிறவர் நடுவில் வாயைத் திறந்தபடி நிற்பார். "வெளிச்சம்" வெ-ளிச்-சம். "மகிமை" ம-கி-மை. "வந்தாரே" வந்-தா-ரே. தட்டும்போது கை தவறி மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் கோடு விழுந்தால், புள்ளி தனியாகப் பிரிந்து ஒரு புள்ளிவட்டத்தோடு வந்து நிற்கும். அப்படி எங்கேனும் வட்டம் தெரிந்தால் அந்த அசையை முழுதாக அழித்து மறுபடி எழுதுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் சிலவற்றில் இடைவெளி விசை அழுத்தினால்தான் சொல் உருவாகும். மியூஸ்கோரிலோ அதே விசை அடுத்த சுரத்துக்குத் தாவும். இரண்டும் மோதிக்கொள்ளும். இதற்கு எனக்குக் கைகொடுத்த வழி ஒன்று. பாட்டு முழுவதையும் போனிலேயே அசை பிரித்து எழுதி, வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, கொம்பியூட்டரில் நகலெடுத்து, முதல் சுரத்தில் கொன்ட்ரோல், எல் அழுத்திவிட்டு கொன்ட்ரோல், வி அழுத்திக்கொண்டே போவேன். ஒவ்வொரு அழுத்துக்கும் ஓர் அசை விழுந்து அடுத்த சுரத்துக்கு நகரும். நாலு சரணப் பாட்டில் இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமல்ல.

தமிழ் அசைகள் அகலமானவை. ஒரு குவேவரின் கீழ் "கர்த்" என்று வந்தால் அந்தச் சுரத்தைச் சுற்றி இடம் விரியும். ஆங்கிலப் பாட்டில் ஒரு வரிக்கு நாலு பார் கொள்ளும் தாளில் தமிழுக்கு மூன்றுதான் கொள்ளும். நெருக்கிப் பிடிக்க முயலாதீர்கள். ஒரு பக்கம் கூடினால் கூடட்டும்.

எங்கே வரி உடைய வேண்டும்

மென்பொருள் இடம் பார்த்து உடைக்கும், பாடுகிறவர் மூச்சுப் பார்த்துப் பாடுவார். வரி முடியும் இடமும் மூச்செடுக்கும் இடமும் ஒன்றானால் அரைவாசி ஒத்திகை முடிந்த மாதிரி. பாரைத் தெரிவு செய்து என்டர் அழுத்தினால் அங்கே வரி உடையும். கொன்ட்ரோலோடு என்டர் பக்கத்தை உடைக்கும். கீபோர்ட்காரரின் தாளில் பக்கம் திருப்பும் இடம் அவருக்கு ஒரு கையாவது ஓய்வாக இருக்கும் பாராக இருக்கட்டும். இரண்டு பக்கப் பாட்டு என்றால் பாடகர்களுக்கு ஒரு தாளின் முன்பின்னாக அடிக்காமல், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்புறம் டேப் ஒட்டிக் கொடுங்கள். புத்தகம்போல விரியும், திருப்பவே வேண்டாம்.

பாண்ட் குழுவுக்கு எழுதுகிறவர்கள் முழு ஸ்கோரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. பார்ட்ஸ் என்ற இடத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் தானாகவே உருவாகும். பி ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு ஒரு முழுச் சுரம் மேலே எழுத வேண்டும், ஈ ஃபிளாட் அல்டோ சக்ஸஃபோனுக்கு ஒரு மேஜர் சிக்ஸ்த் மேலே. வாத்தியத்தைச் சரியாகத் தெரிவு செய்திருந்தால் மியூஸ்கோரே இதைச் செய்துகொள்ளும். நீங்கள் கையால் மாற்றப் போனால் இரண்டு முறை மாறிவிடும்.

அச்சு

மியூஸ்கோரில் இருந்து நேரடியாக அச்சிடாமல் முதலில் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். கடைக்குக் கொண்டு போனாலும் பிடிஎஃப் மட்டும்தான். ஒருமுறை நான் பென்டிரைவில் மியூஸ்கோர் பைலைக் கொண்டு ஏ9 வீதிக்கு வந்து, திறக்க வழியில்லாமல் திரும்பிப் போனேன்.

பிடிஎஃப்பைத் திறந்து அச்சிடும் பெட்டியில் "உண்மை அளவு" அல்லது 100 வீதம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்பது நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அளவைச் சத்தமில்லாமல் சுருக்கும். ஒரே ஒரு தாள் அடித்து, அடிமட்டத்தால் ஸ்டேவை அளந்து பாருங்கள். 7 என்றால் 7 இருக்க வேண்டும். பிறகு அந்தத் தாளை, அது பாடப்படும் இடத்துக்கே, அந்த நேரத்து வெளிச்சத்துக்கே கொண்டுபோய், குழுவில் கண்பார்வை குறைந்தவரிடம் கொடுத்து ஒரு சரணம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடங்காமல் வாசித்த பிறகு மற்றப் பிரதிகள்.

மை பிரிண்டர் வைத்திருப்பவர்கள் டிராஃப்ட் தரத்தில் அடிக்காதீர்கள். ஸ்டேவ் கோடு ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குதான் தடிப்பு. மைத்துளை ஒன்று அடைத்திருந்தால் அச்சில் குறுக்கே வெள்ளைக் கீறல் விழும். எழுத்தில் அது பெரிதாகத் தெரியாது. நோட்ஸிலோ அந்தக் கீறல் சரியாக ஒரு ஸ்டேவ் கோட்டின் மேல் விழுந்தால் கோடே காணாமல் போகும். ஐந்து கோடு நாலாகும், பிள்ளை ஒரு சுரம் தள்ளி வாசிக்கும். அதனால் நிறையப் பிரதி அடிக்குமுன் துளைச் சோதனைப் பக்கம் ஒன்று அடித்துப் பாருங்கள். கோடையில் வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடித்தால்தான் மை காயாது.

லேசரில் கோடு கூர்மையாக விழும், வியர்வைக் கை பட்டாலும் கரையாது. ஆனால் சூடேறும்போது நிறையக் கரண்ட் இழுக்கும். சின்ன யுபிஎஸ்ஸில் அதைச் செருக வேண்டாம். கரண்ட் நின்ற நேரத்திலும் அடிக்க வேண்டும் என்றால் மை பிரிண்டர்தான் தோது.

கடதாசி 80 கிராமுக்குக் குறையக் கூடாது. மெல்லிய தாளில் பின்பக்கத்துச் சுரம் முன்பக்கம் தெரியும். மாரியில் தாள் ஈரத்தை உறிஞ்சி வளைந்து பிரிண்டருக்குள் சிக்கும். ரீமைப் பிரித்தபடி வைக்காமல் பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள், தேவையான தாளை மட்டும் எடுத்து விசிறிவிட்டுப் போடுங்கள். கடையில் பிரதி எடுப்பதாக இருந்தால் எல்லாப் பிரதியும் முதல் அச்சிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ எடுக்கச் சொல்லுங்கள். பிரதியின் பிரதியில் முதலில் அழிவது சுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளி, அடுத்தது ஷார்ப், ஃபிளாட்.

வெளியில் பாடுவதாக இருந்தால், மடுவில் ஓகஸ்ட் 15 திருநாள் போல, சோளகக் காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகும். மட்டையில் ஒட்டி, இரண்டு உடுப்புக் கிளிப் போட்டுக் கொடுங்கள்.

யாருடைய பாட்டை அடிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவர் இறந்து 70 ஆண்டு வரை அவருடைய ஆக்கத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பழைய கீர்த்தனைகளுக்குப் பெரும்பாலும் தடையில்லை. இன்று எழுதும் ஒருவருடைய பாட்டென்றால் ஒரு போன் எடுத்துக் கேளுங்கள், தாளில் அவருடைய பெயரையும் போடுங்கள்.

வைத்திருத்தல்

எங்கள் குழுவுக்கும் ஒரு கையெழுத்துக் கொப்பி இருந்தது. கறுப்பு மையில் நாலு குரலும், மேலே டோ, ரே, மி என்று எழுதும் சோல்ஃபாவும். இடப்பெயர்வில் அது எங்கே விடுபட்டது என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்த பாட்டுகளில் சிலவற்றைப் பழைய பாடகர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுத்தான் திருப்பி எழுதினோம். டெனர் குரலை நினைவு வைத்திருந்தவர் ஒரே ஒருவர். சில பாட்டுகளுக்கு அவரும் இல்லை, அவற்றை இப்போது சொப்ரானோ மட்டுமே பாடுகிறது.

ஆகவே ஒவ்வொரு பாட்டையும் மூன்று வடிவத்தில் வையுங்கள். திருத்துவதற்கு மியூஸ்கோர் பைல், அச்சிடுவதற்குப் பிடிஎஃப், வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல். 35 வருடத்துக்கு மேல் இருந்த ஃபினாலே என்ற மென்பொருளையே 2024 ஓகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், அதனால் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மூன்றையும் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஒருவருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். அச்சிட்ட தாளில் ஒன்றைப் பொலித்தீன் உறையில் போட்டு, எந்தத் திகதியில் யார் பாடியதைக் கேட்டு எழுதியது என்று பின்பக்கம் பென்சிலால் குறித்துக் கோயில் அலுமாரியில் வையுங்கள்.